மாமாவின் குண்டு எங்கே போனது?

சில்யே துப்பாக்கியின் விசையை இழுத்தாள்.

‘டொக்.’

அவ்வளவுதான் சத்தம். குண்டு எதுவும் பறக்கவில்லை. ஆனாலும் அவள் கண்கள் இறுக மூடிக்கொண்டன. தோள் ஒரு குலுக்குக் குலுங்கியது.

பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருந்த இங்வில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்குப் பதினாறு வயது. ஊர்ச் சுடுதளத்தில் சின்னப் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பவள் அவள்தான்.

“நான் தோட்டாவே போடலடி! வெறும் துப்பாக்கிக்கே இப்படிக் குதிக்கிற!”

“போ இங்வில்! இது அநியாயம்!”

“அநியாயம்தான். ஆனா இப்பவாவது ஒத்துக்கறியா? சத்தம் வர்றதுக்கு முன்னாடியே நீ கண்ணை மூடிக்கற. அப்புறம் குண்டு எங்க போச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

சில்யேவுக்குப் பதினொரு வயது. ரோஷம் கொஞ்சம் அதிகம். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் செவ்வாய்க்கிழமை தவறாமல் சுடுதளத்துக்குப் போனாள். முதலில் ஒரு கண் மூடியது. பிறகு இமை மட்டும் துடித்தது. கடைசியில் அதுவும் நின்றுவிட்டது. சுட்டு முடித்ததும், “கொஞ்சம் வலப்பக்கம் போயிடுச்சு” என்று அவளே சொல்வாள். குறி வைத்த தாளை எடுத்துப் பார்த்தால் ஓட்டை வலப்பக்கம்தான் இருக்கும்.

அக்டோபரில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை வந்தது. அந்த வாரம் நார்வேயின் அந்தக் காட்டோரத்து ஊர்களில் பாதிப் பேர் எல்க் மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். குதிரையைவிட உயரமான மான் அது. ஒன்று கிடைத்தால் குளிர்காலம் முழுக்கப் பல வீடுகளில் அதுதான் கறி.

சில்யேவின் அம்மா தூரிட்தான் அவர்கள் குழுவின் தலைவி.

“அம்மா, நானும் வரட்டுமா? துப்பாக்கியைத் தொடக்கூட மாட்டேன்.”

“வேட்டையில உன் வயசுக்குத் தொடவும் கூடாது. சரி, ஒட்வார் மாமாகூட உக்காந்துக்க. பேசக் கூடாது, காலை ஆட்டக் கூடாது.”

“தும்மல் வந்தா?”

“மானைக் கேட்டுட்டுத் தும்மு.”

ஒட்வார் மாமா அம்மாவின் தம்பி. போன மாதம் நடந்த போட்டியில் முதல் பரிசுக் கோப்பை வாங்கியவர். அந்தக் கோப்பை அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில், தெருவைப் பார்த்தபடி நின்றது.

விடிந்து வெகு நேரம் கழித்து, அவர்கள் இருவரும் ஒரு வெட்டவெளியின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேர் தலையிலும் ஆரஞ்சு நிறத் தொப்பி. காதில் சத்தம் தடுக்கும் மூடி. மாமா ஒரு சாக்லேட் துண்டை உடைத்துக் கொடுத்தார். அதைக் கடித்தால் சத்தம் வருமோ என்று பயந்து, சில்யே அதை வாயிலேயே கரையவிட்டாள்.

மான் வந்தது தெரியவே இல்லை. ஒன்றும் இல்லாதிருந்த இடத்தில் திடீரென்று நின்றது. இரண்டாகப் பிளந்து வளர்ந்த ஒரு பிர்ச் மரத்தின் பக்கத்தில், ஒரு பெரிய கடா.

மாமா மெதுவாகத் துப்பாக்கியை உயர்த்தினார்.

வெடித்தது.

சில்யேவின் கண்கள் திறந்தே இருந்தன. மானின் முதுகு ஒரே ஒரு கணம், பூனை முதுகைப் போல வளைந்து மேலே எழும்பியது. பிறகு அது ஊசியிலை மரங்களுக்குள் நடந்து மறைந்தது.

மாமா எழுந்து போனார். அங்குமிங்கும் குனிந்து பார்த்தார். இரத்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. தூறல் விழ ஆரம்பித்தது. வாக்கி-டாக்கியை எடுத்தார்.

“தவறிடுச்சு, அக்கா. சுத்தமா தவறிடுச்சு.”

“நிச்சயமா?”

“நிச்சயமாத்தான்.”

சில்யே வாயைத் திறந்தாள். மாமாவின் முகம் செக்கச்செவேல் என்று இருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

குழுவினர் நெருப்பு மூட்டிச் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் நாயுடன் இன்னும் மலையடிவாரத்தில் இருந்தாள்.

“வாங்க, வாங்க!” என்றார் கௌதே. குழுவிலேயே வயதானவர், வாய்த்துடுக்கும் அவருக்குத்தான் அதிகம். “கோப்பை வாங்கின கையா இது? அவ்ளோ பெரிய மான்! எங்க வீட்டுக் கார் ஷெட்டு மாதிரி நின்னிருக்குமே!”

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், ஆனால் காபியைச் சூடு பார்க்காமல் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

சில்யேவின் கையில் இருந்த சாசேஜ் ஆறிக்கொண்டிருந்தது. அந்த வளைந்த முதுகு அவள் கண்ணைவிட்டுப் போகவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்னால் மாமாவுக்கு இன்னும் அவமானம். சொல்லாவிட்டால்? அந்த மான் எங்காவது படுத்து, வலியோடு தனியாகக் கிடந்தால்?

அவள் நகர்ந்து மாமாவின் காதருகே போனாள்.

“மாமா, அது முதுகை வளைச்சுது, அடிபட்ட மாதிரி. நான் பார்த்தேன்.”

“சத்தத்துல திடுக்கிட்டிருக்கும் கண்ணு. நான்தான் போய்ப் பார்த்தேனே.”

“எங்க பார்த்தீங்க?”

“அது நின்ன இடத்துல.”

“இல்ல மாமா. நீங்க ரொம்பக் கிட்டக்கவே நின்னுட்டீங்க. அது இன்னும் உள்ள தள்ளி நின்னுச்சு, பிளந்த பிர்ச் மரத்துகிட்ட.”

மாமா நெருப்பையே பார்த்தார்.

“நாம ரெண்டு பேர் மட்டும் போவோம். ஒண்ணும் இல்லன்னா யாருக்கும் தெரியாது” என்றாள் சில்யே.

மாமா குவளையில் மிச்சமிருந்த காபியைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் கௌதே.

“மானைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேக்கப் போறோம்” என்றார் மாமா.

வெட்டவெளியின் நடுவில் போய் நின்றால் எல்லா மரங்களும் ஒன்றுபோல இருந்தன. சில்யே யோசித்தாள்.

“நான் நம்ம இடத்துல போய் உக்காந்துக்கறேன். அங்கேருந்து பார்த்தா எனக்குச் சரியாத் தெரியும். நீங்க நடங்க, நான் கையைக் காட்டறேன்.”

அவள் பழைய இடத்தில், பழையபடியே உட்கார்ந்தாள். எல்லாம் அப்படியே கண்முன் வந்தது.

“இன்னும் போங்க! இடது பக்கம்! மாமா, என்னோட இடது!”

“ஒழுங்கா சொல்லக்கூடாதா?” என்று தூரத்திலிருந்து குரல் வந்தது.

“இன்னும் ரெண்டு அடி! அங்கதான்! நில்லுங்க!”

மாமா குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு தலையிலிருந்து தொப்பியைக் கழற்றினார்.

சில்யே ஓடிப்போய்ப் பார்த்தாள். சிவப்புப் பழச் செடியின் இலையில் பழுப்பு நிற முடிகள் சில ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் பழம் போலவே ஒரு சொட்டு. அது பழம் இல்லை.

மாமா வாக்கி-டாக்கியை எடுத்தார். எல்லோருக்கும் கேட்கும் அந்தக் கருவியில், தெளிவாகச் சொன்னார்.

“அக்கா, நான் சொன்னது தப்பு. மானுக்கு அடிபட்டிருக்கு. சில்யேதான் பார்த்தா. நான் கேக்காம போயிட்டேன்.”

இரைச்சலோடு வந்தது அம்மாவின் குரல்.

“யாரும் உள்ள போகாதீங்க. நான் துஸ்ஸியைக் கூட்டிட்டு வர்றேன்.”

துஸ்ஸி சாம்பல் நிற நாய். நீண்ட கயிற்றில், மூக்கைத் தரையில் வைத்து, அவசரமே இல்லாமல் நடந்தது. மழை கழுவிய இடத்திலும் அதன் மூக்குக்கு ஏதோ தெரிந்தது. அம்மாவும் மாமாவும் பின்னால் போனார்கள். சில்யேவை, அதற்குள் வந்து சேர்ந்த கௌதேவுடன் ஒரு பாறையருகே நிற்கச் சொன்னாள் அம்மா.

கௌதே இந்த முறை கிண்டல் செய்யவில்லை. தன் கையுறைகளைக் கழற்றி அவளுக்குக் கொடுத்தார். அவை அவள் முழங்கை வரை வந்தன.

ஒரே ஒரு வெடிச் சத்தம் கேட்டது. பிறகு காடு பழையபடி அமைதியானது.

மான் ஒரு சிற்றோடையின் ஓரத்தில் கிடந்தது. சில்யே அதன் காதைத் தொட்டாள். இன்னும் சூடாக இருந்தது. அவ்வளவு பெரிய உடம்புக்கு அவ்வளவு மென்மையான காது.

“வருத்தமா இருக்கா?” என்றாள் அம்மா.

“கொஞ்சம்.” சில்யே யோசித்தாள். “ஆனா, ராத்திரி முழுக்க வலியோட கிடக்கல இல்ல?”

“இல்ல கண்ணு. கிடக்கல.” அம்மா அவள் தோளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

அன்று மாலை, வண்டிகளின் பக்கத்தில் நின்று, மறுநாள் யார் எங்கே உட்காருவது என்று அம்மா வாசித்தாள்.

“சில்யே என்கூட வரட்டும்” என்றார் கௌதே. “என் கண்ணு மங்கிப்போச்சு. எனக்குத்தான் அவ வேணும்.”

“அதெல்லாம் முடியாது. அவ என்கூடத்தான் வர்றா” என்றார் மாமா.

“நீ கேட்டியா அவளை?”

“கேக்கலயே...” மாமா அவள் பக்கம் திரும்பினார். “என்ன சொல்ற, சில்யே?”

சில்யே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“யார்கிட்ட நிறைய சாக்லேட் இருக்கோ, அவங்ககூட.”

இரண்டு பெரிய மனிதர்களும் அவசர அவசரமாகத் தங்கள் சட்டைப் பைகளைத் துழாவ ஆரம்பித்தார்கள்.