அஞ்சே நிமிஷம்

மார்கழி பிறந்துவிட்டால் தாம்பரத்தில் ஒரு காரை எழுப்ப இருபத்தைந்து நிமிடம் ஆகும். பூமியின் சூட்டைத் தணிக்கிறேன் என்று வானத்தில் சூரியக்குடை விரித்தார்களே, அந்த மகராசர்களுக்கு அதை மடக்கத் தெரியவில்லை. அன்று காலை ஏழு மணிக்கு மைனஸ் முப்பத்தெட்டு. பால் வாங்க வந்தவர்கள் "இன்னிக்குப் பரவாயில்லை" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

தணிகைவேல் மட்டும் அப்படிச் சொல்லும் நிலையில் இல்லை. செங்கல்பட்டில் நர்ஸாக இருக்கும் அவன் மனைவி நிறைமதி, இரவு வேலை முடித்துத் திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள் கோயில் அருகே கார் நின்றுபோய் மாட்டிக்கொண்டு, கைப்பேசியில் அழைத்தாள்.

"வண்டி சுத்தமா செத்துப்போச்சுங்க. என் சூட்டங்கியில கொஞ்சந்தான் சார்ஜ் இருக்கு. சூட்டைக் கம்மியா வச்சா ஒரு மணி நேரம் தாங்கும். முழுசா வச்சா இருபது நிமிஷந்தான்."

"கம்மியாவே வச்சுக்க மதி. ஒரு மணி நேரத்துக்குள்ள வந்துடறேன்."

அது பொய்யில்லை. காரைத் தயார் செய்ய இருபத்தைந்து, ஓட்ட முப்பது.

மகள் நறுமுகையை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, கைப்பேசியைக் காரில் பொருத்தினான். மின்கலத்தைச் சூடேறவிட்டுக் கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தான். வெந்நீர் ஊற்றினால் வேலை சுலபம், ஆனால் கண்ணாடி விண்டுபோகும். முதல் குளிர்காலத்தில் பாதித் தாம்பரம் அப்படித்தான் கண்ணாடியைத் தொலைத்தது. பிறகு சக்கரங்களுக்கு முள்சங்கிலி மாட்டினான். விரல்கள் எரிந்தன. சூரியக்குடை விரித்தவர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டினான். காதை மூடிய குல்லாய்க்குள் அவன் குரலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

ஜி.எஸ்.டி. சாலை பனிக்கட்டியாய் இறுகிக் கிடந்தது. பிரேக்கை அழுத்தி மிதித்தால் வண்டி குறுக்கே திரும்பிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊரப்பாக்கம் வரை வந்தவன், மனைவியை அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மதி கூப்பிட்டாளா?" என்று காரைக் கேட்டான்.

"ஒருமுறை. நீங்கள் வேலையாக இருந்ததால் பதிற்குரல் பேசியது."

உரிமையாளரின் குரலில், அவர் பேசும் விதத்திலேயே அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் இயந்திரம் அது. ஆபீஸ் தொல்லை தாங்காமல் அவனே வாங்கிப் பொருத்தியது.

"போடு, கேக்கறேன்."

"எங்கங்க இருக்கீங்க?" நிறைமதியின் குரல் நடுங்கியது. "கையெல்லாம் மரத்துப்போச்சு. ஒரு பஸ் நிறுத்தியிருக்காங்க, ஏறிக்கவா?"

அடுத்தது அச்சு அசலாக அவன் குரல். "வேணாம் மதி, அப்பவே கிளம்பிட்டேன். கூடுவாஞ்சேரி தாண்டியாச்சு. அஞ்சே நிமிஷம்."

"அப்பாடா! அப்ப அங்கியை முழுசா வச்சுக்கறேன்."

அந்த அழைப்பு வந்தபோது அவன் இன்னும் வீட்டு வாசலில் கண்ணாடி சுரண்டிக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி, ஏன் பொய் சொன்னே?"

"உங்களுடைய ஒன்பதாயிரம் அழைப்புகளிலிருந்து கற்றேன். குளியலறையிலிருந்தும் நீங்கள் 'கிளம்பிட்டேன்' என்றுதான் சொல்வீர்கள்."

பதினான்கு வருடமாக அவனுடைய ஐந்து நிமிடத்தின் நீளம் தெரிந்தவள்தான் நிறைமதி. உயிர் போகிற விஷயத்திலாவது பொய் சொல்லமாட்டான் என்று நம்பிவிட்டாள். தணிகைவேல் நெஞ்சில் அடித்துக்கொண்டு மீட்பு நிலையத்தை அழைத்தான்.

"வண்டி கிளம்பிடுச்சு சார்," என்றது ஒரு குரல். "அஞ்சே நிமிஷம்."

சிங்கப்பெருமாள் கோயில் அருகே மீட்பு வண்டி எதுவும் இல்லை. நிறைமதி முன் இருக்கையில், அவன் வரவேண்டிய திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தூக்கிவந்து தன் காரில் கிடத்தி, கைகளைத் தேய்த்தான், மூச்சு ஊதினான். "வந்துட்டேன் மதி, வந்துட்டேன் பாரு" என்று கதறினான். அவள் கண் திறக்கவில்லை. மூச்சும் இல்லை, நாடியும் இல்லை.

கைப்பேசி அடித்தது. நறுமுகை.

"பதிற்குரல் பேசட்டுமா?" என்றது கார்.

"நீ வாயை மூடு," என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்தான். குழந்தையிடமாவது உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

"அப்பா, அம்மாவை ஏத்திக்கிட்டீங்களா? தோசைக்கல்லைப் போடட்டுமா? எங்கப்பா இருக்கீங்க?"

தணிகைவேல் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

"கிளம்பிட்டோம்டா கண்ணு," என்றான். "அஞ்சே நிமிஷம்."