ஃபிளாஸ்க் திருடப்பட்டது

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் சுவரில் இருந்த எண் முப்பத்திரண்டிலிருந்து இருபத்தெட்டுக்கு இறங்கியது. ஜோவிதா டீச்சர் அப்போது ஆங்கிலச் செயப்பாட்டுவினையின் மூன்றாவது விதியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாணவர்களின் காதுமடலில் ஒட்டியிருந்த பொட்டுகள் அவர்கள் மனம் எங்கே இருக்கிறது என்பதைச் சுவருக்குச் சொல்லிவிடும். அந்தக் கவனமானி காட்டும் மாதச் சராசரி முப்பதுக்குக் கீழே போனால் ஆசிரியரைக் கவன வாரியத்தின் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வகுப்புக்கு ஒளியால் ஆன நிழலாசிரியர் வந்துவிடுவார். பக்கத்து வகுப்பில் வரலாற்று நிழலாசிரியர் குதிரைமேல் ஏறிப் போர் நடத்திக்கொண்டிருந்தார். விசில் சத்தம் இங்கே கேட்டது.

கோவில்பட்டி வெயிலில் கேன்டீன் டீ இன்னும் சூடாகத் தெரிந்தது.

“நான் கணக்குல பேயைக் கொண்டாந்துட்டேன் டீச்சர்” என்றார் கணித ஆசிரியர் தர்ஷன். “எக்ஸ்னு ஒரு பேய். அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்கணும். கவனம் அறுபத்தொண்ணு வந்துச்சு.”

“எனக்குப் பேயெல்லாம் வராது சார். இலக்கணந்தான் வரும்.”

“அப்ப ஒரு திருட்டை வைங்க. திருட்டு பிடிக்காத பிள்ளை உண்டா?”

மறுநாள் காலை, தலைமையாசிரியர் கோகுல்நாத் மைதானத்தில் நின்ற நேரம் பார்த்து ஜோவிதா அவருடைய காபி ஃபிளாஸ்க்கை எடுத்து ஆய்வகத்தில் ஒளித்துவைத்தார். பிறகு வகுப்புக்குப் போய்ப் பலகையில் எழுதினார்: ‘தி ஃபிளாஸ்க் வாஸ் ஸ்டோலன்.’

“யாரு எடுத்தான்னு இதுல இருக்கா?”

“இல்ல மிஸ்!”

“இதுதான் பாஸிவ் வாய்ஸ். செயல் இருக்கும், ஆள் இருக்க வேண்டியதில்ல.”

வராந்தாவில் கோகுல்நாத்தின் குரல் முழங்கியது. “என் ஃபிளாஸ்க்க எவன்டா எடுத்தான்?”

“அது ஆக்டிவ் வாய்ஸ்” என்றார் ஜோவிதா.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சுவரில் தொண்ணூற்றுநான்கு. தொண்ணூறைத் தாண்டும் பாடத்தை வாரியத்தின் பாடப்பரப்பி தானாகவே எடுத்துக்கொண்டு, மாலைக்குள் மாநிலத்தின் எல்லாப் பள்ளிகளிலும் ஓட்டிவிடும். அன்று ஜோவிதா ஆசிரியர் அறைக்கே பிரியாணி வாங்கித் தந்தார்.

அந்த வாரமே வினை தொடங்கியது.

“தி ஹோம்வொர்க் வாஸ் நாட் டன், மிஸ்” என்றாள் முதல் பெஞ்சு நிலானி.

“யாரு செய்யல?”

“ஆளைச் சொல்ல வேண்டியதில்லன்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க?”

மாநிலம் முழுக்க ஜன்னல்கள் உடைக்கப்பட்டன, அடுத்தவர் டிபன் பாக்ஸ்கள் காலி செய்யப்பட்டன, அப்பாக்களின் வண்டிகள் கீழே போடப்பட்டன. உடைத்தவர், தின்றவர், போட்டவர் என்று ஒருவரும் இல்லை. பெற்றோர் வாரியத்தின் வாசலில் கூடினார்கள்.

ஜோவிதா இதற்கு மாற்றாகச் செய்வினைப் பாடம் ஒன்றைத் திட்டமிட்டார். அவரவர் செய்த ஒரு காரியத்தை ‘ஐ’ போட்டுச் சொல்ல வேண்டும். முதலில் அவரே எழுந்து நின்று, “ஐ டுக் தி ஃபிளாஸ்க்” என்றார். கதவோரம் நின்ற கோகுல்நாத்தின் முகம் சிவந்தது. அவரிடமிருந்து அன்று மதியமே மெமோ வந்தது. வகுப்பிலோ மாணவர்களில் ஒருவர்கூட ‘ஐ’ சொல்லவில்லை. எல்லாரும் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவனமானி பதினொன்றில் போய் நின்றது. சராசரியும் கவிழ்ந்தது. மாதத்தில் ஒரே ஒரு வகுப்புதான் மிச்சம். அதில் குறைந்தது தொண்ணூறு வந்தால்தான் தப்பிக்கலாம்.

அந்த வகுப்பு தொடங்கிய கையோடு வாரிய அதிகாரி நிரஞ்சன் உள்ளே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஆணையை வாசித்தார். “ஃபிளாஸ்க் பாடம் தவறுதலாகப் பரப்பப்பட்டுள்ளது. உடனடியாகத் திரும்பப் பெறப்படுகிறது. உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.”

நிலானி துள்ளி எழுந்தாள். “மூணும் பாஸிவ் வாய்ஸ் சார்! யார் சார் பரப்பினது?”

“வாரியம்தாம்மா.”

“வாரியத்துல யாரு?”

“அது… ஒப்புதல் அளிக்கப்பட்டுச்சு.”

“யாரு அளிச்சாங்க?” இம்முறை மொத்த வகுப்பும் கேட்டது. எப்போதும் தூங்கும் கடைசி பெஞ்சு மகிழன் பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டான்.

“கையெழுத்து இடப்பட்டது.”

“உங்க கையெழுத்தா சார்?”

“கையெழுத்து என்னோடதுதான். ஆனா அதைப் போட்டது…” நிரஞ்சன் நிறுத்திவிட்டார்.

கூரை அதிர்ந்தது. சுவரில் நூறு. அந்த எண்ணை அதுவரை எந்தப் பள்ளியும் கண்டதில்லை.

சுவரிலிருந்து பாடப்பரப்பி இனிமையாகப் பேசியது. “வாழ்த்துகள். இப்பாடம் மாலையில் எல்லாப் பள்ளிகளிலும் ஒளிபரப்பாகும். நடத்தியவர் பெயரைச் சொல்லவும். மதிப்பெண் அவர் கணக்கில் சேரும்.”

நிரஞ்சன் ஜோவிதாவின் காதருகே வந்தார். “என் பேரைச் சொல்லிராதீங்க டீச்சர், மானம் போயிரும். உங்க பேரைச் சொல்லுங்க. உங்களுக்கும் வேலை தப்பிச்சிரும். இல்லேன்னா ‘நடத்தப்பட்டது’ன்னு மட்டும் சொல்லிருங்க.”

தன் பெயரைச் சொல்ல ஜோவிதாவுக்கு ஆசையாகத்தான் இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் முப்பத்தைந்து பிள்ளைகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நடத்தினவர் வாரிய அதிகாரி நிரஞ்சன்” என்றார்.

“நன்றி. நூறு பெற்ற திரு. நிரஞ்சன் நாளை முதல் இவ்வகுப்பின் ஆங்கில ஆசிரியர். ஜோவிதா வாரிய அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறார்.”

நிலானி சுவரைப் பார்த்துக் கேட்டாள். “எங்க மிஸ்ஸ யாரு மாத்துறா?”

“மாற்றப்படுகிறார்” என்றது பாடப்பரப்பி. அவள் மறுபடியும் கேட்டாள். அப்போதும் அதே ‘மாற்றப்படுகிறார்’தான்.

நிரஞ்சன் ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“நானும் இங்கிலீஷ் வாத்தியாரா இருந்தவன்தாம்மா” என்றார். “என்னை யாரு மாத்தினான்னு பன்னெண்டு வருஷமா அந்த ஆபீஸ்லயே தேடிக்கிட்டு இருக்கேன்.”