ஐரின் கட்டியிருந்த சேலை

ஐரின் பள்ளிக்கூடத்துக்குப் போய் வெகு நேரம் ஆன பிறகு, மாடிப்படியில் ஐரினின் செருப்புச் சத்தம் கேட்டது.

ராயப்பன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பெண்டாட்டிக்காகத் தலையைத் தூக்கி அவருக்குப் பழக்கமே கிடையாது. கப்பலூரில் பிளாஸ்டிக் வாளி செய்யும் கம்பெனி வைத்திருக்கும் பெரிய மனுஷர். காலையில் போய் ஆட்களை ஒரு பாட்டம் திட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கோச்சடை வீட்டுக்கு வந்தாரென்றால், அதற்கப்புறம் நாற்காலியும் பேப்பரும்தான். மூட்டு வலிக்காரி நடக்கிற மாதிரியே ஒரு காலை லேசாக இழுத்துக்கொண்டு ரப்பர் செருப்பு படியிறங்கியது, கூடத்தைக் கடந்தது, அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. "என்னங்க" என்றது குரல். "ம். தண்ணி" என்றார். ஸ்டூலில் தம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. எடுத்து மடமடவென்று குடித்தார். வெகு நாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே ஒரு வாடை, அது அந்தத் தண்ணீரில் இருந்தது. ஃபில்டரை மாற்றச் சொல்லி எத்தனை நாளாயிற்று, இவள் மண்டையில் ஒன்றும் ஏறாது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டினார்.

சாயங்காலம் கேட் திறந்தது. தோளில் பையும் கையில் பரீட்சைத்தாள் கட்டுமாக ஐரின் உள்ளே வந்தாள். மத்தியானம் எதற்கு வந்தாய் என்று கேட்டதற்கு, நான் எங்கே வந்தேன், இன்றைக்கு மூச்சுவிடக்கூட நேரமில்லை என்றாள். ராயப்பன் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார். காலித் தம்ளர் அங்கேயே இருந்தது. எழுந்து போய் வாஷ்பேசினில் துப்பிவிட்டு வந்தார்.

பேயாவது பிசாசாவது. அதெல்லாம் படிக்காத சனங்களுக்கு. ராயப்பனுக்கு உடனே புரிந்துவிட்டது, அவருக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும்: களவாணிச் சிறுக்கி எவளோ வீட்டுக்குள் வந்து போகிறாள். வேலைக்காரி மலையம்மாளின் ஆளாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்து வீட்டை வாங்கிக்கொண்டு வந்திருக்கும் அந்தத் தமிழ்மாறன் கூட்டமாக இருக்கும். தமிழ்மாறன் பேங்க்கில் பெரிய ஆபீசர், பார்த்தால் வணக்கம் சொல்கிற மனுஷன். ஆனால் அவருடைய அப்பன் வயக்காட்டில் கூலிக்கு நின்றவர் என்று ராயப்பனுக்குத் தெரியும். சந்தேகப்பட அவருக்கு அது போதும்.

வாசலில் கேமரா வைத்தார். கேமராவில் காலையில் ஐரின் வெளியே போனாள், சாயங்காலம் ஐரின் உள்ளே வந்தாள். நடுவில் வேற்றாள் என்ன, தெருநாய்கூட நுழையவில்லை. கேமராவை மாட்டிக் கொடுத்த பையனைக் கூப்பிட்டுக் கிழித்து எடுத்தார்.

அந்த வாரமே மலையம்மாள் வேலையை விட்டு நின்றாள். காரணம் கேட்டதற்கு வாசலுக்கு வெளியே நின்றே சொன்னாள்.

"அம்மா மாடில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தாக. நல்லாத்தான் பேசிட்டு இருந்தோம். நான் எறங்கிக் கீழ வாரேன், அம்மா கேட்டத் தொறந்துக்கிட்டு ஸ்கூல்ல இருந்து அப்பத்தான் வாராக. எனக்குப் பிள்ளைக இருக்குங்கய்யா. நான் போறேன்."

கண் மங்கிய கழுதை என்று ராயப்பன் சிரித்தார். ஐரின் சிரிக்கவில்லை. அவளும் கேட்டிருக்கிறாள் போலிருக்கிறது. அடுப்படியில் நிற்கும்போது மாடியில் தன்னுடைய இருமலே கேட்கிறது என்றாள். கோயம்புத்தூரில் மகள் டயானா வீட்டுக்கு ஒரு மாசம் போயிருக்கலாம் என்று கெஞ்சினாள். "நான் இருக்கிற வீட்ல எனக்கே எடம் இல்லாமப் போகுதுங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு ஒரு மனுஷன் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பான். ராயப்பன், மருமகன் வீட்டில் போய் ஒண்டுவதற்கு நான் என்ன பயந்தாங்கொள்ளியா என்றார்.

பயந்தாங்கொள்ளிதான். சாயங்காலம் ஆறு மணிக்கே ஜன்னலையெல்லாம் சாத்தினார். மாடிக்கு அவர் போய் நாளாகிவிட்டது. கழிப்பறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தார். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லாமல் துப்பாக்கி வாங்கக் கிளம்பினார். கம்பெனிக் காசைக் காரில் கொண்டுபோகிறேன், பாதுகாப்பு வேண்டும் என்று ஆள் பிடித்து, பெருமைக்காக வாங்கி வைத்திருந்த லைசென்ஸ் கையில் இருந்தது.

கடைக்காரர் கண்ணுச்சாமி வாய் ஓயாத ஆள். பச்சைத் துணியை விரித்து ஒரு ரிவால்வரையும் ஒரு பிஸ்டலையும் வைத்தார். முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு ரிவால்வர்தான் சரி, எடுத்தோம் அமுக்கினோம் என்றிருக்கும், பிஸ்டல் என்றால் மேலே பிடித்து இழுத்துக் குண்டேற்ற வேண்டும், பதற்றத்தில் கை மறந்துவிடும் என்றார். எண்ணெய் வாடையும் இரும்பு வாடையும் கலந்து அடித்தன. ராயப்பன் ரிவால்வரை அமுக்கிப் பார்த்தார். விசை கனமாக இருந்தது.

"கனமாத்தான் அண்ணே இருக்கும்" என்றார் கண்ணுச்சாமி. "அம்புட்டு சீக்கிரம் வெடிக்காது. நிக்கிறது யாரு எவருன்னு பாக்க நேரம் கெடைக்கும்ல."

பார்ப்பதாம். கிழவிகளுக்கு விற்கிற சாமானை என்னிடம் காட்டுகிறான் என்று நினைத்து ராயப்பன் பிஸ்டலைக் கையில் எடுத்தார். கருகருவென்று இருந்தது. கடைக் கண்ணாடியில் தன் உருவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதுவே போதும் என்றார்.

வீட்டில் மத்தியானம் தனியாக உட்கார்ந்து இழுத்துப் பழகினார். வாளி வியாபாரியின் கை. முதல் தடவை வழுக்கியது, இரண்டாம் தடவை கட்டைவிரல் தோல் கிழிந்தது. மூன்றாம் தடவை சடக்கென்று ஏறியது. அவருக்கே சந்தோஷமாகிவிட்டது.

"நல்லா இருக்குங்க" என்றது பின்னாலிருந்து குரல். "உங்களுக்கு எடுப்பா இருக்கு."

"ம்" என்றார் பெருமையாக.

அப்புறம்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்பது நினைவுக்கு வந்தது. பின்னால் மூச்சுவிடும் சத்தம் இல்லை, வளையல் சத்தம் இல்லை, ஆனால் யாரோ நிற்கும்போது முதுகுக்குத் தெரியுமே, அது தெரிந்தது. திரும்பவில்லை. அந்தப் பூட்டிய அறை வாடை கூடம் முழுக்கப் பரவி, மெல்ல மெல்லக் குறைந்து, படியேறிப் போனது. ஐரின் அவரிடம் நல்லா இருக்கு என்று எதையும் சொன்னதில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்தப் பேச்சு அவருக்குப் பிடித்திருந்தது.

அதற்கப்புறம் குண்டை ஏற்றியபடியே துப்பாக்கியை வைத்துக்கொண்டார். ஏற்றி வைக்கக் கூடாது என்று கண்ணுச்சாமி தலைபாடாக அடித்துக்கொண்டு சொல்லியிருந்தார். கடைக்காரன் சொல்லி ராயப்பன் கேட்பதா?

ஒரு சனிக்கிழமை. மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்து, நாலு மணிக்கு மழை பிடித்து, கரண்ட் போய்விட்டது. ஐரின் ஸ்பெஷல் கிளாஸ் என்று போனாளா, அரை நாளோடு திரும்பி வந்துவிட்டாளா, ராயப்பன் கவனிக்கவில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மழை தகரக் கொட்டகையில் இரைந்தது, தண்ணீர்க்குழாய் கடகடத்தது, கூடம் குகை போல இருண்டது. மடியில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார்.

கேட் திறந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம். கதவு தள்ளப்பட்டது. நனைந்த குடையோடு ஐரின் உள்ளே வந்தாள். "என்னங்க, இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

அடுப்படியிலிருந்து ஐரின் கேட்டாள். "யாருங்க வந்திருக்கா?"

ராயப்பன் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அடுப்படி வாசலில் ஒருத்தி. தெருவாசலில் ஒருத்தி. மூக்கு, நெற்றி, நரைத்த வகிடு, ஒரு காலில் பாரம் போட்டு நிற்கிற நிலை. ஒன்றுபோல.

முதலில் அலறியது தெருவாசலில் நின்றவள். குடை கீழே விழுந்தது. "யாரு இது... என்னங்க, யாரு இது?"

மற்றவள் அலறவில்லை. கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

துப்பாக்கி இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. அசையாதீங்க, ரெண்டு பேரும் அசையாதீங்க என்று கத்தினார். குரல் கீச்சென்று வந்தது. எதையாவது கேட்க வேண்டும். ஐரினுக்கு மட்டும் தெரிந்தது ஒன்று. கேட்கலாம்தான், பதில் சரியா என்று அவருக்குத் தெரிய வேண்டுமே. அவளுக்கு மச்சம் எங்கே? தெரியாது. அவள் அம்மா எந்த மாசம் செத்தாள்? தெரியாது. செருப்புச் சத்தம் தெரியும். இருமல் தெரியும். முகத்தை அவர் பார்த்ததே இல்லை.

தெருவாசலில் நின்றவளுக்கு அது புரிந்துவிட்டது. அவள் முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது.

"காலைல உங்க முன்னாடி நின்னு சொல்லிட்டுத்தான போனேன்" என்றாள். "எந்தச் சேல கட்டியிருந்தேன்? சொல்லுங்க பாப்போம். நான் எங்க நின்னேன், என்ன சொன்னேன், ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ராயப்பன் இரண்டு சேலைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தெரியாது. முப்பது வருஷம் உங்ககூட இருந்தேன். த்தூ. நீங்கல்லாம் ஒரு மனுஷன்."

அடுப்படி வாசலில் நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க எது சொன்னாலும் சரிங்க."

ராயப்பனுக்குப் புரிந்துவிட்டது. வழக்கம்போல உடனே புரிந்துவிட்டது. அவருடைய ஐரின் எதிர்த்துப் பேசமாட்டாள். அவர் முகத்தைப் பார்த்துத் த்தூ என்று சொல்ல அவளுக்கு ஏது தைரியம்? தைரியம் இருந்திருந்தால் என்றைக்கோ சொல்லியிருப்பாளே!

விசையில் விரலை வைத்தது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

கூடம் அதிர்ந்தது. காது அடைத்துக்கொண்டது. புகை. மழைச் சத்தம் எங்கேயோ தூரத்தில். தெருவாசலில் நின்றவள் சுவரில் சரிந்து, கால்களை நீட்டி உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்திருந்த விரல்களுக்கிடையில் கறுப்பாக வழிந்தது. அவள் அவரைத் தாண்டி அடுப்படியைப் பார்த்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"கேஸ்... தொறந்து கெடக்கு" என்றாள். "அணைங்க. வீடு பத்திக்கும்."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் பேசவில்லை.

ஆமாம், கேஸ் வாடை. அடுப்படியில் நின்ற அது அடுப்பைத் திறந்துவிட்டிருக்கிறது, பற்றவைக்கவில்லை. பற்றவைக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

அடுப்படி வாசலில் நின்றது நகர்ந்து வந்தது. இப்போது காலை இழுக்கவில்லை. இறந்தவள் பக்கத்தில் குனிந்தது. அவள் கழுத்தில் சிலுவை கோத்த தாலிச் சங்கிலி கிடந்தது. ஒருத்தி கழுத்தில் கிடக்கிறது, மற்றவள் கழுத்து மொட்டையாக இருக்கிறது என்று கண்ணுள்ள எவனும் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பான். அது சங்கிலியைக் கழற்றியது. முந்தானையில் துடைத்தது. தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இரண்டு முனைகளையும் பின்னால் பிடித்தபடி ராயப்பனுக்கு முதுகைக் காட்டி நின்றது. கொண்டையை ஒரு கையால் தூக்கிக் கொடுத்தது.

"கொக்கிய மாட்டி விடுங்க" என்றது.

ராயப்பன் அதன் பிடரியைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் கூர்ந்து பார்த்தார். அங்கே மயிர்க்கால் இல்லை, சுருக்கம் இல்லை. துணியை இழுத்துச் சேர்த்த மாதிரி தோல் சுருட்டி முடிச்சிடப்பட்டிருந்தது. முடிச்சு மெல்ல அசைந்தது.

"மாட்டுங்க."

ராயப்பன் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் சங்கிலியின் முனைகளை வாங்கிக்கொண்டார்.