வெளுத்துப் போன மோதிரம்

கமறியா வந்ததே தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான். ஓய்வுபெற்ற பொலிஸ் இன்ஸ்பெக்டர் நளீமின் கற்பிட்டி வீட்டு மேசையில் ஒரு மோதிரத்தை வைத்தாள். அது வெள்ளியைப் போல வெளுத்திருந்தது. நளீமை அவள் அண்ணன் முறையில் 'நானா' என்றே அழைப்பாள்.

"கலியாணத்தண்டு மருமகள்ட விரல்ல என்ட கையால போட்ட பவுன் மோதிரம், நானா. மூணு மாசத்துல இப்பிடி. ஒண்டு, முத்தலிபு ஹாஜியார் கள்ள நகை வித்திரிக்கணும். இல்லாட்டி அஸ்னா பவுன வித்துப்போட்டு வெள்ளிய மாட்டியிரிக்கணும். அவதான் கள்ளியெண்டா இண்டைக்கே கனமூலைக்கு, அவட உம்மா வீட்டுக்கு அனுப்பிருவன்."

நளீம் மோதிரத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். அவசரம் என்பதே அவருக்குத் தெரியாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் அல்லாஹ் அவருக்கு றுக்கியாவை மனைவியாகத் தந்திருந்தான்.

"ஹாஜியார்தான்! முகத்தப் பாத்தாலே தெரியும்," என்றாள் றுக்கியா. அந்த முகத்தை அவள் அதுவரை கண்டதே இல்லை.

பின்னேரம் குறிஞ்சிப்பிட்டியில் கமறியாவின் வீட்டில் எல்லோரும் கூடினார்கள். முத்தலிபு தராசோடு வந்திருந்தார். அஸ்னா பிளேன்டீ கொண்டுவந்தாள். தட்டில் கோப்பைகள் கடகடவென்று ஆடின.

"நடுக்கத்தப் பாத்தீங்களா? களவெடுத்த கை," என்று றுக்கியா கணவரின் காதில் கிசுகிசுத்தாள். காலையில் ஹாஜியாரைக் கள்ளனாக்கியவளும் இவள்தான்!

நளீம் அஸ்னாவைப் பார்த்தார். முகம் வெள்ளை வெளேரென்றிருந்தது. கழுத்தும் காதும் நல்ல மாநிறம். இடது கையில் கிடந்த இன்னொரு மோதிரம் மஞ்சளாக மினுங்கியது.

"அந்த மோதிரத்த எந்தக் கையில போட்டிருந்த, மகள்?"

"வலது கையில. கழட்டப்படாதெண்டு மாமி சொன்னாங்க. நேத்து அவங்களே கழட்டுற வரைக்கும் நான் கழட்டல்ல."

முத்தலிபு மோதிரத்தை நிறுத்தார். "நிறை குறையல்ல. வெள்ளியெண்டா இந்தப் பருமனுக்கு இவ்வளவு பாரம் வராது. உள்ளுக்கு என்ட கடை முத்திரையும் இரிக்கி."

"அப்ப மோதிரம் மாறவுமில்ல, கள்ள நகையுமில்ல," என்றார் நளீம். "பவுனுக்கு மேல என்னமோ ஏறியிரிக்கி. பவுன இப்பிடி வெளுக்க வைக்கிறது என்ன, ஹாஜியார்?"

"பாதரசம். ஆனா இந்த வீட்டுக்குள்ள அது எப்பிடி வரும்?"

"மகள், முகத்துக்கு என்ன பூசுற?"

அஸ்னா அலுமாரியிலிருந்து ஒரு சின்ன டப்பியைக் கொண்டுவந்தாள். செய்தவர் பெயரோ ஊரோ அதில் இல்லை.

"வலது கையால பூசுற," என்றார் நளீம். "அதான் இடது கை மோதிரத்துக்கு ஒண்டுமில்ல. சில வெள்ளையாக்குற கிரீமுல பாதரசம் கலக்குறானுகள். அது உடம்புல ஊறினா கை நடுங்கும், நித்திரை போகும், கிட்னியும் பழுதாகும்."

"எனக்கு நித்திரையே இல்ல," என்றாள் அஸ்னா மெதுவாக. "புதுசா வந்த வீடு. எப்பிடிச் சொல்ற?"

"யாரு தந்த கிரீம் இது?"

அஸ்னா தலையைக் குனிந்துகொண்டாள். கமறியாவின் குரல்தான் வந்தது.

"நான்தான். சந்தையில வாங்கின. பொண்ணு கறுப்பெண்டு நாலு பேர் கதைச்சாங்க, நானா."

"தங்கச்சி, இவ சொல்லுக் கேக்காத புள்ளயா இருந்தா, பூசக்குள்ள மோதிரத்தக் கழட்டி வெச்சிருப்பா. மோதிரம் மஞ்சளாவே இருந்திரிக்கும், நஞ்சு ஒருத்தருக்கும் தெரியாமப் போயிரிக்கும். உங்கட சொல்ல இவ தட்டல்ல. அதாலதான் நேரத்தோட கண்டுபிடிச்சிருக்கோம். நிப்பாட்டிட்டு டொக்டர்ட்ட காட்டுங்க, இன்ஷா அல்லாஹ் சுகமாகும்."

"யா அல்லாஹ்!" கமறியா அந்த நடுங்கும் கைகளைப் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "இந்தப் புள்ளயையா கள்ளியெண்டன்!"

"நீங்க ஆசைக்குத் தந்தது, மாமி," என்றாள் அஸ்னா. றுக்கியாவும் அழத் தொடங்கியிருந்தாள்.

கமறியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நானா, நீங்க செஞ்ச உதவிய மௌத்தாகும்வரைக்கும் மறக்க மாட்டன். புள்ளய நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறன். கனமூலையில இருந்து ஆராச்சும் கேட்டா, மாமியோட இல்ல, உம்மாவோட போயிரிக்கா எண்டு சொல்லுங்க."