பூமியும் பார்த்தது

காலைச் சாப்பாடு முடிந்ததும் கயற்கண்ணி திரையின் முன் உட்கார்ந்தாள். நிலவின் மறுபக்கத்து நிலையத்தில் ஏழு வருடங்களாக அவளுக்கு இதுதான் வேலை. எங்கோ தொலைதூர விண்மீன் திரள்களின் நடுவே பெருங்கருந்துளைகள் சீறும்போது காமாக் கதிர்கள் பாயும். தலைக்கு மேலே சுற்றும் விண்தொலைநோக்கி அந்தச் சுடரெழுச்சிகளைப் பிடித்து அனுப்பும். அவள் பூமிக்கு அறிவிப்பாள்.

ஒரு தொலைநோக்கி மட்டும் பார்த்தது செல்லாது. பூமியைச் சுற்றும் தொலைநோக்கியும் பார்த்ததாக மறுநாள் ‘உறுதி’ வரவேண்டும். அதன் அடியில், பூமி நிலையத்தில் வேலை பார்க்கும் அவள் தங்கை செண்பகா ஒரு வரி எழுதுவாள். அந்த வரிக்காகவே கயற்கண்ணி காலையில் எழுந்தாள். மறுபக்கத்திலிருந்து பூமி கண்ணுக்கே தெரியாது. பத்தாண்டுப் பணி முடியும்வரை கப்பலும் வராது.

அன்றும் உறுதி வந்திருந்தது. நேற்றைய பெரிய சுடரெழுச்சியை நாங்களும் பார்த்தோம், அதே நேரம், அதே பிரகாசம் என்றது. அவள் அதை மறுபடியும் படித்தாள். நேற்று அப்படியொன்று நிகழவே இல்லை. உணரியைச் சோதிக்க அவளே கருவிக்குள் செலுத்திய செயற்கைத் துடிப்பு அது. சோதனை என்று குறிக்க மறந்ததால் அறிவிப்பாகப் போயிருந்தது. பூமியில் யாரும் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

தொடர்பு அறைக்குப் போனாள். அவளைத் தவிர நிலையத்தில் இருந்த ஒரே ஆள், செய்திகளை வாங்கி அனுப்பும் பொறியாளர் இருதயராஜ். விஷயத்தைச் சொன்னதும் அவர் மறுக்கவில்லை. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தார். பூமி பேசி ஐந்து வருடமாகிறது என்றார். ஒரு செவ்வாய்க்கிழமை, வாக்கியத்தின் பாதியில் அறுந்துபோனதாம். ஏதோ கோளாறு, சரியாகிவிடும் என்று நினைத்து முதல் உறுதியைத் தானே எழுதினாராம். பிறகு எல்லா அலைவரிசையிலும் தேடியிருக்கிறார். எதிலும் ஒரு சத்தமில்லை.

“தங்கச்சி எழுதினதெல்லாம்?”

“நான்தாம்மா. பழைய வரிகளப் பாத்து அவங்கள மாதிரியே எழுதிப் பழகிட்டேன்.”

கயற்கண்ணி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நான்கு வருடங்களுக்கு முன் செண்பகாவுக்குப் பெண் பிறந்ததாக ஒரு வரி வந்தது. பிறகு பல் முளைத்தது, நடை பழகியது, போன மாதம் பள்ளிக்கூட வாசலில் அழுதது.

“அப்போ குழந்தை, அண்ணே?”

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நீ அப்போ சாப்பாட்டையே விட்டிருந்த. ஏதாவது நல்லது சொல்லணும்னு தோணிச்சு.”

அந்த அறையின் திரையிலும் புதிதாக ஒரு சுடரெழுச்சி பதிவானது. இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

“அந்தக் குழந்தைக்குப் பேரு நான்தான் வெச்சேன்” என்றாள் கயற்கண்ணி.