டிலாய் வண்டி

ஆறு துளைகளும் பொருந்தின. பொருந்தியிருக்கக் கூடாது.

கெண்டல், பாரம் தூக்கும் செயின் பிளாக்கின் சங்கிலியைப் பிடித்தபடியே நின்றான். பழைய பிக்கப்பின் கேபினும் முன்முகமும் ஒரே துண்டாக அந்தரத்திலிருந்து இறங்கி, அவனுடைய வண்டியின் சேசிஸ் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தன. அடையாளம் வைக்கத்தான் இறக்கினான். இரண்டும் வேறு வேறு கம்பெனி, நடுவில் இருபது வருட வித்தியாசம். சேசிஸ் நாலு அங்குலம் நீளம் அதிகம், அகலத்தில் இரண்டு விரல் குறைவு. ஒரு துளைகூட இன்னொரு துளைக்கு நேரே வராது, புதிதாகத் தாங்கிகள் வெட்டிப் பற்றவைக்க வேண்டும் என்று நேற்று அளந்து, அட்டையில் எழுதி, இரும்புத் தகடுகூட வெட்டி வைத்துவிட்டான். இப்போது கையிலிருந்த போல்ட்டைச் சும்மா ஒரு துளையில் விட்டுப் பார்த்தால் அது தலைவரை வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

தகரக் கூரை வெயிலில் முறுகி முறுகிச் சத்தம் போட்டது. கிரீஸ், துரு, காய்ந்த செம்மண் என்று ஷெட்டுக்கே உரிய வாசனைகளுக்கு நடுவே, எங்கிருந்தோ மெலிதாக ஒரு கிராம்பு மணமும் வந்தது. கெண்டல் டேப்பை எடுத்து மறுபடி அளந்தான். சரியாக இருந்தது. அட்டையைப் பார்த்தான். அவன் கையெழுத்துதான். அதில் வேறு எண்கள் இருந்தன.

நேற்று வெயிலில் மூளை உருகிவிட்டது போலிருக்கிறது என்று அட்டையைக் கசக்கிப் போட்டான். வண்டி கட்டுகிற எவனும் இப்படிச் செய்யமாட்டான். பாடுபடாமல் பொருந்துகிற பாகத்தை இறக்கி வைத்துவிட்டு இன்னொரு தடவை யோசிப்பான். ஆனால் கெண்டலுக்கு அவசரம்.

"என்னப்பா, மண்டையை ஏத்திட்ட போல?" வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டு ஆர்வில், வாங்கிப்போன இரும்பு அறுக்கும் கிரைண்டரைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். எழுபது வயது. தொப்பியைக் கழற்றி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அட, டிலாய் வண்டி எந்திரிச்சிருச்சே!"

"என் வண்டி, ஆர்வில். எஞ்சின், கியர்பாக்ஸ், ஆக்சில், டயர், கீழ இருக்கறது பூரா என்னோடது."

"கீழ யாருப்பா குனிஞ்சு பாக்கப் போறா?" ஆர்வில் சிரித்தார். "கல்யாணத்துல மாப்பிள்ளை மூஞ்சியத்தான் பாப்பாங்க. எலும்பையா எண்ணிப் பாப்பாங்க?"

கெண்டலும் சிரித்து வைத்தான்.

செத்துப்போனவன் மேல் பொறாமைப்படுவதைவிட அசட்டுத்தனம் வேறில்லை. சண்டை போட ஆள் கிடையாது. ஜெயிக்கவும் வழி கிடையாது. கெண்டலுக்கு இது தெரியும். தெரிந்தும் மூன்று வருடமாக அதையேதான் செய்துகொண்டிருந்தான். கெண்டலின் மனைவி ரேலீனின் முதல் கணவன்தான் டிலாய். ஆறடி நாலு அங்குலம். தென் யூட்டாவின் இந்தச் செம்பாறைப் பக்கத்தில் டிலாய் வண்டியில் ஏறாத பாறை இல்லை, அவனைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. ஆறு வருடம் முன்பு கழுதைமுதுகு ஏற்றத்தின் உச்சியில், தனியாக வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது மாரடைப்பு. கண்டுபிடித்தபோது ஒரு கை கியரிலும் ஒரு கை பக்கத்தில் காலியாக இருந்த இடத்தின் மேலும் இருந்ததாம். இறக்கிக் கொண்டுவந்த வண்டியின் சேசிஸ் துருப்பிடித்து நடுவில் விரிசல் விட்டிருந்தது. அப்படியே ஷெட்டில் கிடந்தது.

ரேலீன் தனக்கென்று எதையும் கேட்கிறவள் இல்லை. போன வசந்தத்தில் ஒருநாள் தட்டுக் கழுவிக்கொண்டே கேட்டாள். "அந்த வண்டிய ஓட வைக்க முடியுமா?" அவ்வளவுதான். கெண்டல் தன்னுடைய நல்ல பிக்கப்பைப் பிரித்து, அதன் தலையைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, சேசிஸை எடுத்து வைத்தான். அக்டோபர் கடைசி சனிக்கிழமை ஊர் மொத்தமும் வண்டிகளில் கழுதைமுதுகு ஏறும். அன்றைக்கு ரேலீனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தன் எஞ்சினால், தன் சக்கரத்தால், டிலாய் செத்த இடத்தைத் தாண்டிப் போய்விட்டால் போதும். அதோடு டிலாய் முடிந்தான். அவள் தனக்கு முழுசாகக் கிடைப்பாள். இதுதான் கெண்டல் போட்டிருந்த கணக்கு.

ஆறு போல்ட்டையும் முறுக்கினான்.

அதற்குப் பிறகு வேலை தானாக ஓடியது. ஒயர்கள் எட்டின. ஸ்டியரிங் தண்டு ஒரே தள்ளில் மாட்டிக்கொண்டது. கெண்டல் கால்விரிப்பு, சீட்டுப் பஞ்சு, கூரைத் துணி எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்தான், சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று தடவை கழுவினான். புது ரெக்சின் வாசனை ஒரு மணி நேரம் இருந்தது. கதவை மூடித் திறந்தால் கிராம்பு. டிலாய் எப்போதும் கிராம்புச் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பான் என்று ஆர்வில் என்றோ சொன்னது நினைவுக்கு வந்தது.

சீட்டு ஒரே நீளப் பலகை போல இரண்டு கதவுக்கும் நடுவே கிடந்தது. கெண்டல் ஐந்தடி ஆறு அங்குலம். சீட்டை அதன் தண்டவாளத்தில் முன்னால் கடைசிப் பல்வரை இழுத்துப் போட்டால்தான் கிளட்ச் எட்டும். இழுத்துப் போட்டான். மறுநாள் காலை ஷெட்டைத் திறந்தால் சீட்டு பின்னால் கடைசிப் பல்லில் இருந்தது.

முன்னால் இழுத்தான். மறுநாள் மறுபடி பின்னால். மூன்றாம் நாளும் அப்படியே.

கெண்டலுக்குப் பயமில்லை, அப்போது. கோபம்தான் வந்தது. ரேலீன்தான் வருகிறாள். அவன் வெளியே போகும் நேரம் பார்த்து வந்து, சீட்டைப் பின்னால் தள்ளி, டிலாய் காலத்தில் இருந்ததுபோல வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறாள். வேறென்ன இருக்க முடியும்?

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டே விட்டான். "வண்டில போய் உட்காந்தியா?"

"இல்லையே. ஏன்?"

"சீட்டு பின்னால போயிருக்கு."

ரேலீனின் கரண்டி நின்றது. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி அவள் கன்னத்துக்கு வந்தது. மூன்று வருடத்தில் கெண்டல் அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

"எவ்வளவு பின்னால?" என்று கேட்டாள்.

கெண்டல் எழுந்தான். ஷெட்டுக்குப் போய், சீட்டை முன்னால் இழுத்து, வெல்டிங் கம்பியை எடுத்துச் சீட்டுத் தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பற்றவைத்துவிட்டான். இனி கடவுளே வந்தாலும் நகராது.

நகரவில்லை. காலையில் ஏறி உட்கார்ந்தான். சீட்டு முன்னால்தான் இருந்தது. பற்றவைத்த இடம் கெட்டியாக இருந்தது. காலை நீட்டினான். கிளட்ச் எட்டவில்லை. நாலு விரல் தள்ளி இருந்தது.

மரக்கட்டை ஒன்றைக் கிளட்ச் மேல் கட்டிக்கொண்டு ஓட்டினான். சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் ரேலீன் உடை மாற்றிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நின்றாள். "ஒரு சுத்து போலாமா?" தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள். கெண்டலோடு எங்கே போனாலும் சன்னலோரம் ஒட்டிக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வருகிறவள், அன்று ஏறியதும் கதவைச் சாத்திவிட்டுச் சறுக்கிக்கொண்டு நடுவில் வந்து உட்கார்ந்தாள். அவள் தொடை அவன் தொடையில் பட்டது. கெண்டலுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இதற்காக இன்னும் பத்து வண்டி கட்டலாம். சீட்டாவது, கிளட்சாவது, எல்லாம் தன் மனப்பிராந்தி என்று சிரித்துக்கொண்டான். மண்பாதையில் சரளைக்கற்கள் அடித்தட்டில் பொரிந்தன, மழை வராத மேகம் ஒன்று பாறைகளின் மேல் நிழலை இழுத்துக்கொண்டு போனது, காட்டுப்புதர்களின் கசந்த வாசனை சன்னல் வழியே வந்தது. ரேலீன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள்.

தோளில் கனம் ஏறவில்லை.

கெண்டல் மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்தான். அவள் தலை சாய்ந்துதான் இருந்தது. அவன் தோளுக்கு ஒரு சாண் மேலே, வெறுங்காற்றில். வண்டி குலுங்கியபோதும் அது விழவில்லை. எதன் மேலோ அழுந்தி, அந்தப் பக்கத்துக் கன்னம் தட்டையாகியிருந்தது. முடி நசுங்கியிருந்தது. அவள் உதடு ஓரத்தில் சிரிப்பு இருந்தது.

"ரேலீன்."

"உம்."

"யார் மேல சாஞ்சிருக்க?"

"பேசாம ஓட்டேன்," என்றாள், கண்ணைத் திறக்காமல்.

வளைவு வந்தது. கெண்டல் இன்னும் திருப்பவில்லை. ஸ்டியரிங் அவன் உள்ளங்கைகளுக்குள் மெதுவாக, பழகிய பாதையில் போவது போலத் திரும்பிக்கொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கெண்டல் வண்டியை ஷெட்டில் விட்டுப் பூட்டினான். அவள் பாட்டு முனகிக்கொண்டு சமைத்தாள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ரேலீன் தன் காரில் பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்குப் போனாள். கார் திருப்பத்தில் மறைகிறவரை கெண்டல் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஷெட்டைத் திறந்தான். கழற்றிவிட வேண்டியதுதான். தலையை வெட்டித் துண்டு துண்டாகக் காயலான் கடைக்கு அனுப்பிவிடலாம். அழுவாள். அழட்டும். உயிரோடு இருக்கிற புருஷனுக்காக ஒரு தடவை அழட்டும்.

சேசிஸை நாலு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு மேல் நிறுத்தினான். டயர்கள் தரையை விட்டு ஒரு முழம் எழும்பின. பின்தொட்டியைக் கழற்றி ஓரமாகத் தள்ளினான். ஒயர்களை வெட்டினான். பேட்டரியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்தான். ஸ்டியரிங் தண்டை உருவினான். செயின் பிளாக்கின் கொக்கியைக் கேபினில் மாட்டினான். ஒவ்வொரு போல்ட்டாக ஆறையும் எடுத்தான். ஒன்றும் முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

மணி மூன்று ஆகியிருந்தது. வாசலில் வெயில் வெள்ளையாக நின்றது. காற்று இல்லை. கூரை மூலையில் சிலந்திவலைகூட அசையவில்லை. கெண்டல் சங்கிலியை இழுத்தான். கடக், கடக். கேபின் எழும்பியது. ஒரு சாண். ஒரு முழம். ஓர் ஆள் உயரம். அடியில் ஒட்டியிருந்த ரப்பர் துண்டுகளைப் பிய்த்து எடுக்க, சேசிஸின் இரண்டு நீளத் தண்டுகளுக்கும் நடுவே புகுந்து நின்றான்.

தலையில் மண் விழுந்தது. செம்மண். பொடியாக, சூடாக.

மூன்று தடவை கழுவிய கேபின் அது.

எஞ்சின் சத்தம் கேட்டது. எஞ்சின் அவன் இடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கை வைத்துப் பார்த்தான். சில்லென்று இருந்தது. சத்தம் மேலேயிருந்து வந்தது.

அண்ணாந்து பார்த்தான்.

வெட்டிய ஒயர்கள் தொங்கின. முன்விளக்குகள் எரிந்தன. ஓட்டுகிறவர் பக்கச் சன்னலில் ஒரு கை. நீளமான கை. முழங்கை வெளியே. வெயிலில் பழுத்த தோல்.

பின் கண்ணாடியில் ரேலீன்.

நடுவில் உட்கார்ந்திருந்தாள். காலையில் காரில் போன அதே சமையலறை உடுப்போடு. முடி அவிழ்ந்து பறந்தது. காற்றில்லாத ஷெட்டில் அவள் முடி பின்னால் பறந்து பறந்து கண்ணாடியில் அடித்தது. மலைப்பாதையில் வேகமாகப் போகிறபோது பறக்குமே, அப்படி.

"ரேலீன்!"

சங்கிலியைப் பிடித்து இழுத்தான். இறங்கு. இறங்கு. கனமே இல்லை. சங்கிலி கைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. முழம் முழமாக. கேபின் இறங்கவில்லை. கிராம்பு மணம் தொண்டையை அடைத்தது. அவள் சிரிக்கும் சத்தம். வாய் விட்டு. வயிறு குலுங்க. அவனோடு அவள் அப்படிச் சிரித்ததில்லை.

இடது கால் பக்கம் ஏதோ உறுமியது.

டயர். சுற்ற ஆரம்பித்திருந்தது. பிறகு வலது பக்கம். பிறகு பின்னால் இரண்டும். ஸ்டாண்டு மேல், அந்தரத்தில், ஆக்சிலோடு சேர்ந்து, அவன் காசு கொடுத்து வாங்கி, அவன் கையால் மாட்டிய நாலு சக்கரமும். எஞ்சின் சில்லென்றே இருந்தது. சேசிஸ் அவன் இரண்டு பக்கமும் அதிர்ந்தது. வெளியே வர முடியவில்லை. எந்தப் பக்கமும் சக்கரம்.

மேலே கியர் மாறியது. கீழே சக்கரங்கள் வேகம் எடுத்தன.

"ரேலீன், என்னைப் பாரு! இங்க பாரு!"

கொக்கி அசையவில்லை. கேபின் கொக்கியில்தான் இருந்தது. ஆனாலும் சின்னதாகிக்கொண்டே போனது. ஏற்றத்தில் ஏறிப் போகும் வண்டி போல. கையளவு. விரலளவு. அந்த விரலளவுக் கண்ணாடிக்குள்ளும் முடி பறந்துகொண்டிருந்தது. பக்கத்துத் தோளில் தலை சாய்ந்திருந்தது. அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கெண்டலின் சக்கரங்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றின.