அடுத்தது உங்க முறைதான்

அல்சிட் காலில் கெளுத்தி முள் குத்தியது காலையில். மதியத்துக்குள் முழங்காலுக்குக் கீழே செக்கச்செவேலென்று வீங்கி, தொட்டால் கொதித்தது. கோடையில் லூசியானாக் கடல் தண்ணீர் வெந்நீர்தான். அதில் நின்று இறால் பிடிக்கிறவனுக்கு இதெல்லாம் சகஜம் என்பது என் புருஷனின் கட்சி.

"எமர்ஜென்சிக்குப் போயிடலாம்," என்றேன்.

"எதுக்கு டெல்மா? அங்க போனா ராத்திரி வரைக்கும் உக்கார வெச்சிட்டு, படகை வித்து பில்லைக் கட்டுன்னுவான். மளிகைக் கடைப் பக்கத்துல அர்ஜென்ட் கேர் கிளினிக் இருக்குல்ல? ஒரு ஊசி போட்டுட்டு சாப்பாட்டுக்கு வந்துடலாம்."

அவன் பிடிவாதத்துக்கு முன்னால் என் பேச்சு என்றைக்கு எடுபட்டிருக்கிறது? வண்டியை நான் ஓட்டினேன்.

முன்பு வீடியோ கேசட் வாடகைக்கு விட்ட கடை அது. இப்போது வெள்ளைத் தரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், எலும்பைக் குடையும் ஏசி. கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் பெயரை எழுதிக்கொண்டு உட்காரச் சொன்னாள். வேட்டைத் தொப்பி போட்ட ஒரு பெரியவர் மட்டும் காத்திருந்தார். அவர் கால் முழுக்கக் குளியல் துண்டு சுற்றியிருந்தது. இத்தனை நாற்காலி காலியாக இருந்தும் அல்சிட் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பேச ஆள் கிடைத்தால் போதும்.

அப்போதுதான் நாற்றம் வந்தது.

கல்யாணமான நாளிலிருந்து மீன் வாடையோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். இது வேறு. இறால் தலைகளை வாளியில் போட்டு மூடி, வெயிலில் மறந்துவிட்டால் வரும் நாற்றம், அதற்குள் ஒரு தித்திப்பு.

"கொஞ்ச நேரந்தான்," என்று பெரியவர் கிசுகிசுத்தார். "கூப்பிடுவாங்க. அடுத்தது உங்க முறைதான்."

"பாத்தியா, எவ்வளவு நல்ல மனுஷன்," என்றான் அல்சிட்.

"உனக்கு நாத்தமே அடிக்கலையா?" என்று அவன் காதில் கேட்டேன்.

"உன் மூக்குக்கு எதுதான் நாறல?"

துண்டிலிருந்து என்னவோ சொட்டியது. மஞ்சளாக, சளி மாதிரி நூல்விட்டு இறங்கியது. தரை வாசல் பக்கம்தான் சரிந்திருந்தது. ஆனால் அது வாசல் பக்கம் ஓடவில்லை.

அல்சிட் செருப்பை நோக்கி ஊர்ந்தது.

அவன் கால்சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வரும்போது இல்லாத கொப்புளங்கள், கருநீலத்தில், திராட்சை அளவுக்கு.

ஒன்று என் விரல் பட்டு உடைந்தது.

அதே நாற்றம்.

ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளேயிருந்து வந்த நர்ஸ் காலை ஒரு பார்வைதான் பார்த்தாள். "இது இங்க முடியாதும்மா. எமர்ஜென்சிக்குக் கொண்டு போங்க, இப்பவே."

"நான் வரல," என்றான் அல்சிட். அவன் கண் சொருகியிருந்தது. "இவ்வளவு நேரம் உக்காந்தாச்சு. எழுந்தா முறை போயிடும்னு இவர் சொல்றாரு."

யார் என்று நர்ஸ் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். அதில் யாரும் இல்லை. குழிந்த இருக்கையில் மஞ்சளாகத் தேங்கியிருந்தது.

"அந்த நாற்காலியை ரெண்டு தடவை மாத்திட்டோம்," என்றாள் மெல்ல. "பிடிங்க, தூக்குங்க."

இருவருமாக அவனை இழுத்து வண்டியில் போட்டோம். சிவப்பு விளக்குகளை மதிக்காமல் ஓட்டினேன். பெரிய ஆஸ்பத்திரியில் காலைத் தொடையோடு எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ஆளே இல்லை என்றார் டாக்டர். கால் போனால் போகிறது, என் அல்சிட் கிடைத்துவிட்டான் என்று அழுதேன்.

காயம் சுத்தமாக ஆறிவிட்டது. சக்கர நாற்காலியில் வீட்டைச் சுற்றி வருகிறான். முன்னைவிடப் பேச்சு குறைவு, அவ்வளவுதான்.

இன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபோது நெஞ்சில் பாரம் ஏறியது. இடது கை மரத்து, தாடை வரை வலி இழுத்தது. வேர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது. அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தேன்.

"அல்சிட், ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

உருண்டு வந்து பக்கத்தில் நின்றான். கையில் போன் இருந்தது. அவனிடமிருந்து அந்த அழுகிய தித்திப்பு நாற்றம் வந்தது.

"எமர்ஜென்சி எதுக்கு?" என்று கிசுகிசுத்தான். அது என் புருஷனின் குரல் இல்லை. "கொஞ்ச நேரந்தான். கூப்பிடுவாங்க."

போனைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டான். இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.